எந்த வலையில் மலேரியா மாட்டும்?

தங்கச்சிமடத்தில் சூடை வலையை எடுத்துப்போய் யாரும் நண்டுக்கு விரிப்பதில்லை. மீனுக்கு மீன் வலைக் கண் வேறு. மலேரியா தடுப்பூசி செய்கிறவர்களுக்கும் இதே தலைவலிதான். கொசுவின் வயிற்றில் ஒட்டுண்ணிகள் கூடி மரபணுவைக் கலைத்துப் போட்டுக்கொள்கின்றன. ஒரே நோயாளியின் ரத்தத்தில்கூடப் பல ரகங்கள் இருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தவை இரண்டு: 2021-இல் ஆர்டிஎஸ்,எஸ், 2023-இல் ஆர்21. விலை குறைவு, புனேயிலேயே தயாராகிறது என்பதால் ஆர்21 பக்கம்தான் என் சாய்வு. ஆனால் ரகப் பிரச்சினையில் இரண்டும் ஒரே படகு. ஈரலுக்குப் போகும் ஒட்டுண்ணியின் மேலுறைப் புரதத்தை, 3டி7 என்ற ஒரே ரகத்திலிருந்து எடுத்துத்தான் இரண்டையும் செய்திருக்கிறார்கள். அந்தப் புரதத்தின் நடுப்பகுதி எல்லா ரகத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வால்பகுதிதான் மாறிக்கொண்டே இருக்கிறது. விளைவு? 2015-இல் வெளியான ஆர்டிஎஸ்,எஸ் ஆய்வில், ஊசியோடு ஒத்துப்போன ரகத்துக்கு எதிராக முதல் ஆண்டில் 50.3 சதவீதப் பாதுகாப்பு, ஒத்துப்போகாததற்கு 33.4.

ஏஎம்ஏ1 என்ற இன்னொரு ஒட்டுண்ணிப் புரதத்தை வைத்துச் செய்த ஊசியின் கதை இதைவிட மோசம். மாலி நாட்டுக் குழந்தைகளிடம் நடந்த சோதனையில் ஊசியில் இருந்த அதே ரகத்துக்கு எதிராக 64 சதவீதப் பாதுகாப்பு, மொத்தத்தில் 17 மட்டுமே. பல ரகங்களைக் கலந்து ஒரே ஊசியாகப் போடலாமே என்பார்கள். இந்தப் புரதத்துக்கு நூற்றுக்கணக்கான வடிவங்கள் உண்டு, எத்தனையைத்தான் கலப்பது?

நான் பந்தயம் கட்டினால் ஆர்எச்5 என்ற ஒட்டுண்ணிப் புரதத்தின் மேல்தான். சிவப்பணுவின் பேசிஜின் என்ற பூட்டைத் திறக்கும் சாவி இது. சாவியின் பல்லை மாற்றினால் பூட்டு திறக்காது, ஒட்டுண்ணிக்கே நஷ்டம். அதனால் அதிகம் மாறுவதில்லை. புர்கினா ஃபாசோவில் மூன்றாவது டோஸைத் தள்ளிப் போட்ட குழந்தைகளுக்கு ஆறு மாதத்தில் 55 சதவீதப் பாதுகாப்பு கிடைத்தது. பிரமாதம் என்று சொல்ல முடியாது, ஆனாலும் எனக்கு நம்பிக்கை தருவது இதுதான்.

கதிர்வீச்சால் முடக்கிய முழு ஒட்டுண்ணியையே ஊசியாகப் போடும் வழியும் உண்டு. அதைத் திரவ நைட்ரஜனில் வைத்துக் கொண்டுவர வேண்டும். பாம்பன் வரைக்குமா!

சரி, நம்ம கரைக்கு இதில் எது உதவும்? இப்போதைக்கு எதுவும் இல்லை. மேலே சொன்னவை எல்லாம் ஃபால்சிபாரம் என்ற மலேரியா ஒட்டுண்ணி இனத்துக்கானவை. ராமேசுவரம் தீவில் பெரும்பாலும் வருவது வைவாக்ஸ் என்ற வேறு இனம். அதன் மேலுறைப் புரதத்திலும் விகே210, விகே247 என்று இரண்டு முக்கிய ரகங்கள். சிவப்பணுவுக்குள் நுழைய அது வேறு சாவி வைத்திருக்கிறது, ஆர்எச்5 அங்கே செல்லாது. அப்புறம் ஈரலில் தூங்கிக் கிடந்து, மாதங்கள் கழித்தும் எழுந்து வரும். அதற்கு ஒரு தடுப்பூசி வரும்வரை கிணற்றையும் மாடித் தொட்டியையும் மூடி வைக்க வேண்டும், காய்ச்சல் வந்தால், ஈரலில் தூங்குவதைக் கொல்லும் பிரைமாகுயின் மாத்திரையை 14 நாளும் விழுங்க வேண்டும். நாலாம் நாள் காய்ச்சல் விட்டதும் மீதி மாத்திரையை மாடத்தில் வைத்துவிட்டுக் கடலுக்குப் போகிறவர்கள்தான் இங்கே அதிகம்.