சாதா சைக்கிளா, மலை சைக்கிளா?

கியர் வைத்த மலை சைக்கிள் வாங்கலாமா, சாதாவே போதுமா என்று குழம்புகிறவர்களுக்கு:

விலை: சாதா மலிவு. மற்றதில் குலுக்கலைத் தாங்கும் ஷாக் அப்சார்பர், டிஸ்க் பிரேக், கியர் என்று ஒவ்வொன்றுக்கும் காசு.

பராமரிப்பு: பெரிய வித்தியாசமே இதில்தான். சாதாவுக்குச் செயினில் இரண்டு சொட்டு எண்ணெய், டயரில் காற்று, அவ்வளவுதான். மலை சைக்கிளில் கியர் மாற்றும் கருவியைத் தாங்கும் கொக்கி லேசாக வளைந்தாலே செயின் தாவும். ஷாக்கை அவ்வப்போது பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். தெருமுனைக் கடைக்காரர் கையை விரித்துவிடுவார்.

ஓட்டம்: தார் ரோட்டில் மலை சைக்கிளின் தடித்த, முண்டு முண்டான டயர் வேகத்தைக் குறைக்கும். கல்லும் வேருமான இறக்கத்தில் கதையே வேறு.

வேடிக்கை என்னவென்றால், 1970களில் கலிபோர்னியாவின் டமால்பயஸ் மலையில் மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டும் இந்த விளையாட்டைத் தொடங்கியவர்கள் ஓட்டியது பழைய, கனத்த சாதா சைக்கிள்களைத்தான்!

கடைக்கும் ஸ்டேஷனுக்கும் சாதாவே சரி. வாராவாரம் மலைப்பாதைக்குப் போகிறவர் மட்டும் மற்றதை வாங்கலாம். அதற்குப் பெரும்பாலும் மட்கார்டு தனிச் செலவு.