பறவை ஏந்திய பெண்: பழைய வெண்கலமா, ஸ்பெல்டரா, புது வார்ப்பா?

கழுகுக்குக் கிண்ணம் நீட்டும் ஹீபி, அன்னத்தோடு லீடா ஆகிய கிரேக்கப் புராணப் பெண்கள், புறாவை ஏந்திய பெயரில்லாப் பெண்கள் என்று 19-ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் வார்ப்பகங்கள் இந்த உருவத்தை அலுக்காமல் செய்தன. இன்று ஏலத்துக்கு வருபவை மூன்று வகை: அக்கால வெண்கலம், அக்கால ஸ்பெல்டர், அண்மையில் வார்த்துப் பழமை ஏற்றிய வெண்கலம். படத்தில் மூன்றும் ஒன்றுபோலவே தெரியும்.

ஸ்பெல்டரைக் கண்டுபிடிப்பது சுலபம். அது பெரும்பாலும் துத்தநாகம். சுமார் 420 டிகிரியிலேயே உருகும். வெண்கலத்துக்கு ஆயிரத்தை நெருங்க வேண்டும். அதனால் மலிவாக வார்த்து, மேலே வெண்கல நிறம் கொடுத்தார்கள். பீடத்தின் அடியில் கீறல் விழுந்த இடத்தைப் பாருங்கள். பொன்மஞ்சள் என்றால் வெண்கலம், வெளிறிய சாம்பல் என்றால் ஸ்பெல்டர். ஸ்பெல்டரில் இறகு நுனியும் விரல்களும் எளிதில் ஒடியும், ஒட்டுவதும் கடினம்.

பழைய வெண்கலத்தையும் புதியதையும் பிரிப்பதுதான் பெரும்பாடு. கீறல் இங்கே உதவாது, கையொப்பமும் உதவாது. பிரெஞ்சுச் சிற்பி ஒகுஸ்த் மொரோவின் பெயர் எத்தனையோ புது வார்ப்புகளில் இருக்கிறது. நான் நேராகப் பறவையிடம் போவேன். நல்ல பழைய வேலையில் வார்ப்புக்குப் பிறகு உளிக்காரர் உட்கார்ந்து இழைத்திருப்பார்: ஒவ்வொரு இறகுக்கும் நடுத்தண்டு, அதிலிருந்து சாய்ந்து இறங்கும் கோடுகள், மணிக்கட்டைப் பற்றிய நகம் தோலில் அழுந்தும் இடம். பழைய சிலையிலிருந்தே அச்செடுத்த வார்ப்பில் இவை பாதி கரைந்த சோப்புக்கட்டிபோல மழுங்கியிருக்கும். உலோகம் ஆறும்போது சுருங்குவதால் உயரமும் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு குறையும். மூலத்தின் அளவு தெரிந்தால் டேப் வைத்துப் பாருங்கள்.

பாரிஸின் பார்பெதியன் வார்ப்பகம் 1838-இல் தொடங்கியது; பெரிய சிற்பத்தைச் சிறிதாக்கும், பங்காளி கொலாஸின் இயந்திரமே அதன் பலம். அந்த முத்திரை மதிப்புள்ளதுதான், ஆனால் அதையும் சேர்த்தே அச்செடுக்கலாம். எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா என்று பாருங்கள். பிரான்ஸில் 1981 ஆணைப்படி நகல்களில் ‘மறுஉருவாக்கம்’ என்று பொறிக்க வேண்டும். அந்தச் சொல்லை அழிக்கப் பீடத்தில் எங்காவது அராவிய தடம் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

கையில் பணமிருந்தால் என் தேர்வு, கையொப்பமே இல்லாத, உளிவேலை நன்றாக உள்ள பழைய வெண்கலம். இல்லையென்றால் ஒடியாத ஸ்பெல்டர்; அதுவும் அந்தக் காலத்தின் பொருள்தானே. புதியதைப் புதியது என்றே சொல்லி அதற்குரிய விலைக்குக் கொடுத்தால் வாங்கலாம். அடிப்பக்கப் படம் கேட்டு விற்பவர் மழுப்பினால், பேரத்தை அங்கேயே விட்டுவிடுவேன்.