முள் 45-இல் நின்றது, என் 2,318 டாலர் போயிற்று

நேற்று மாலை அந்தக் கடையின் மேலாளர் தொலைபேசியில் சொன்ன பதிலைக் கேட்ட கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு நஷ்டம் 2,318 டாலர். டிரெய்லரைப் பழுதுபார்க்க 1,884, விடுமுறை நாளில் முகாமுக்கே வந்து உதவிய மெக்கானிக்குக்கு 285, இத்தனைக்கும் காரணமான, ஹோஸும் ரெகுலேட்டரும் அடங்கிய தண்ணீர்ச் சாமான் பைக்கு 149. வழக்குப் போடும் எண்ணம் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அட்லாண்டாவுக்கு வடக்கே, புதிய டிராவல் டிரெய்லர்களோடு (காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சக்கர வீடுகள்) பழையவற்றையும் வாங்கி விற்கிற ஒரு பெரிய விற்பனை நிலையம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இந்தக் கோடையில் நம்மவர்கள் பலர் டிரெய்லர் வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ திட்டமிட்டிருப்பதாகக் கேள்விப்படுகிறேன். அவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. டிரெய்லர் முகாம்களில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு தண்ணீர்க் குழாய் இருக்கும். அதிலிருந்து ஹோஸ் போட்டு டிரெய்லரில் மாட்டினால் உள்ளே சமையலறை, கழிப்பறை, ஷவர் எல்லாவற்றுக்கும் தண்ணீர் வரும். முகாமில் வரும் அழுத்தம் 40 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) ஆகவும் இருக்கலாம், 100-ஐத் தாண்டியும் போகலாம். வீடுகளிலேயே 80-க்கு மேல் போனால் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு போட வேண்டும் என்பது இந்நாட்டுக் குழாய் வேலை விதி. டிரெய்லருக்குள் ஓடும் பிளாஸ்டிக் குழாயின் மேல் 100 பி.எஸ்.ஐ. தாங்கும் என்று அச்சிட்டிருக்கலாம். ஆனால் முதலில் விட்டுக்கொடுப்பது குழாய் அல்ல, அதன் இணைப்புகளும் கழிப்பறை வால்வும்தான். அதனால்தான் நடுவில் ரெகுலேட்டர் என்ற பித்தளைச் சாதனத்தை மாட்டி, அழுத்தத்தை 45 அல்லது 50-க்குள் வைத்துக்கொள்கிறோம்.

பிப்ரவரியில் ஒருவர் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த 26 அடி டிரெய்லரை அந்தக் கடையில் வாங்கினோம். வண்டியை ஒப்படைக்கும் நாளில் கடை ஊழியர் ஒருவர் ஒன்றரை மணி நேரம் எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினார். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கையெல்லாம் கிரீஸ், முகமெல்லாம் சிரிப்பு. என் மகனைக் கூப்பிட்டு ஜாக்கியைச் சுற்றச் சொன்னார், மகளுக்கு விளக்குச் சுவிட்சுகளைக் காட்டினார். தண்ணீர் இணைக்கும் இடத்துக்கு வந்ததும், ஏற்கெனவே மாட்டியிருந்த ரெகுலேட்டரின் அளவுமானியை விரலால் தட்டி, “பாருங்கள், 45. நீங்கள் எதையும் திருப்ப வேண்டாம், மாட்டிவிட்டு மறந்துவிடுங்கள்” என்றார். இது புதிதா, தனியாக வேறு நல்லது வாங்க வேண்டுமா என்று நான் வாய்விட்டுக் கேட்டேன். பையில் இருப்பது எல்லாமே புதிது, தன் பெற்றோரின் டிரெய்லருக்கும் இதே பைதான் வாங்கிக் கொடுத்ததாகச் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தில் நான் விழுந்தேன். பெற்றோருக்கு வாங்கிக் கொடுத்ததைப் பற்றி ஒரு பையன் பொய் சொல்வான் என்று யார் நினைப்பார்கள்? சுற்றிக் காட்டி முடித்ததும் அதே ரெகுலேட்டரைக் கழற்றி, தண்ணீரை உதறிவிட்டு, ஹோஸோடும் கழிவுநீர்க் குழாயோடும் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார். பைக்கு முத்திரை இல்லை, பெட்டி இல்லை. பில்லில் 149 டாலர் என்று இருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச்சில் லேனியர் ஏரி அருகே இரண்டு இரவுகள் தங்கியபோது எந்தத் தொல்லையும் இல்லை. மே மாதக் கடைசியில், மெமோரியல் டே விடுமுறைக்கு டென்னசிக்குப் புறப்பட்டோம். ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் பெரும்பாலான முகாம்களில் தண்ணீர் இணைப்பு கிடையாது என்பதால், பிஜன் ஃபோர்ஜ் பக்கத்தில் மலையடிவாரத்துத் தனியார் முகாம் ஒன்றில் இடம் பிடித்திருந்தோம். மாலையில் நான் ரெகுலேட்டரை மாட்டிக்கொண்டிருந்தபோது என் மனைவி குனிந்து பார்த்து, “இன்னும் குழாயையே திறக்கவில்லையே, அதற்குள் எப்படி 45 காட்டுகிறது?” என்று கேட்டாள். கடையில் அப்படி அமைத்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று பெரிய நிபுணன் போலப் பதில் சொன்னேன். அவள் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டவும் இல்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. அன்றிரவு ஷவரில் தண்ணீர் வீட்டில் வருவதைவிட வேகமாக அடித்தது. குழந்தைகளுக்கு ஒரே கொண்டாட்டம். நல்ல ரெகுலேட்டர் என்று நானும் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

இரவு இரண்டே கால் மணிக்கு மழைச் சத்தம் கேட்டு விழித்தேன். ஜன்னலுக்கு வெளியே நட்சத்திரம் தெரிந்தது. காலைக் கீழே வைத்ததும் கணுக்கால் வரை குளிர்ந்தது. கழிப்பறைக்குப் பின்னால் இருந்த பிளாஸ்டிக் இணைப்பு பிளந்து, தண்ணீர் சுவரில் அடித்துத் தெறித்துக்கொண்டிருந்தது. செருப்பில்லாமல் வெளியே ஓடிக் குழாயை மூடினேன். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், டிரெய்லரின் அடியை மூடியிருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் தகடு சினைப்பசுவின் வயிற்றைப் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே போன தண்ணீரெல்லாம் அங்கே இறங்கித் தேங்கியிருந்தது. கீழ்ப் படுக்கை மெத்தை, மகளின் பை, தரைவிரிப்பு எல்லாம் நாசம். விடிவதற்குள் வினைல் விரிப்புக்கு அடியிலிருந்த பலகை ஊறி உப்பத் தொடங்கிவிட்டது.

காலையில் வந்த மெக்கானிக் அதிகம் பேசாதவர். முகாம் குழாயில் தன்னுடைய அளவுமானியைத் திருகினார், 104 காட்டியது. என் ரெகுலேட்டரை நடுவில் மாட்டி, அதற்கு அந்தப் பக்கம் மறுபடி அளந்தார், அங்கும் 104. நான் மூன்று மாதமாக ரெகுலேட்டர் என்று சுமந்துகொண்டிருந்தது வெறும் ஓட்டைப் பித்தளை. பிறகு அதைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். தண்ணீரும் இல்லை, ஹோஸும் இல்லை, முள் மட்டும் 45-இல் நின்றது. தட்டினாலும் குலுக்கினாலும் நகரவில்லை. திருகு மரையின் இடுக்கில் உப்புத் தண்ணீர் காய்ந்தது போன்ற வெள்ளைப் படிவம், அதன் நடுவே யாரோ எப்போதோ சுற்றிய டெஃப்லான் டேப்பின் கிழிசல். குளிர்காலத்தில் உள்ளே தண்ணீரோடு வெளியில் கிடந்து, உறைந்த பனி விரிந்து, அழுத்தத்தைக் கட்டுப்படுத்த உள்ளே இருக்கும் அடைப்பானையும் அளவுமானியின் வளைகுழாயையும் கெடுத்திருக்க வேண்டும் என்றார். அதாவது, கடையில் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவதற்காக வைத்திருந்த பழைய துண்டைத்தான் புதியது என்று பில் போட்டு என்னிடம் தள்ளியிருக்கிறார்கள்.

நள்ளிரவில் ஏன் வெடித்தது என்றும் அவரே விளக்கினார். முகாமின் தண்ணீர்த் தொட்டி மலைச்சரிவில் உயரத்தில் இருக்கிறது. உயரம் ஒவ்வொரு 2.3 அடி கூடும்போதும் ஏறத்தாழ ஒரு பி.எஸ்.ஐ. கூடும். தொட்டி 240 அடி மேலே இருந்தால் கீழே 104 வந்துவிடும். பகலில் எல்லாரும் தண்ணீர் எடுப்பதால் குழாய்களில் அழுத்தம் கொஞ்சம் விழுகிறது. எல்லாரும் தூங்கிய பிறகு முழு அழுத்தமும் அப்படியே வந்து நிற்கிறது.

இனி கடைக்காரர்களின் கதை. விற்பனையாளரை அழைத்தேன், சர்வீஸ் பிரிவு கூப்பிடும் என்றார். சர்வீஸ் பிரிவு கூப்பிடவில்லை. நானே அழைத்தபோது, வண்டியைக் கொண்டுவந்தால் ஐந்து வாரம் கழித்துப் பார்ப்பதாகவும், பை தங்கள் பிரிவு விற்றது அல்ல என்பதால் உதிரிபாகக் கவுண்டரைக் கேட்கும்படியும் சொன்னார்கள். கவுண்டரில் இருந்தவர், துணைச் சாமான்கள் எல்லாம் உள்ளது உள்ளபடியே விற்கப்பட்டவை என்ற தாளில் நான் கையெழுத்திட்டிருப்பதை மிகுந்த மகிழ்ச்சியோடு படித்துக் காட்டினார். அன்று நான் கையெழுத்திட்ட தாள்கள் முப்பதுக்குக் குறையாது. உள்ளது உள்ளபடி என்றால் பழையதைப் புதியது என்று சொல்லலாமா என்று கேட்டேன். வரிசையில் ஆள் நிற்கிறார்கள் என்றார். சுற்றிக் காட்டிய பையன் இப்போது அங்கே வேலை செய்யவில்லையாம். டிரெய்லர் காப்பீட்டில் முதல் 2,500 டாலர் என் பொறுப்பு என்பதால் அங்கிருந்தும் ஒரு காசு வராது.

நேற்று மேலாளர் பேசினார். படங்களைப் பார்த்தாராம், வெள்ளைப் படிவம் மூன்று மாதத்தில் நானே உண்டாக்கியதாக இருக்கலாமாம். இரண்டே முறை, மொத்தம் மூன்று இரவு மாட்டிய சாதனத்தில்! பிறகு, அனுபவமுள்ள எந்த ஆர்.வி. (இப்படித் தங்கிப் பயணிக்கும் வண்டி) உரிமையாளரும் இரவில் வெளிக்குழாயை மூடாமல் படுக்கமாட்டார் என்று எனக்குப் பாடம் எடுத்தார். மூடியிருக்க வேண்டும் என்பது உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாட்டிவிட்டு மறந்துவிடச் சொன்னது அவருடைய ஆள். கடைசியில் நல்லெண்ணத்துக்காக, அவர்கள் கடையிலேயே செலவழிக்க 25 டாலர் கூப்பன் தருவதாகச் சொன்னார். 2,318 டாலருக்கு 25 டாலர் கூப்பன்! அதை வைத்து இன்னொரு ரெகுலேட்டர் வாங்கிக்கொள்ள வேண்டும் போலும்.

விரிவாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரமாகச் சில மட்டும். கடை கொடுக்கும் பையில் இருக்கும் ரெகுலேட்டரை நம்பாமல், பெட்டி பிரிக்காததை நீங்களே வாங்குங்கள், பித்தளை என்றால் ஈயமில்லாதது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் திறப்பதற்கு முன் முள் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். திறந்த பிறகு உள்ளே எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு ஐந்து நிமிடம் முள்ளைக் கவனியுங்கள். மெல்ல மெல்ல ஏறினால் உள்ளே இருக்கும் அடைப்பான் கெட்டுவிட்டது என்று பொருள். ரெகுலேட்டரை டிரெய்லர் பக்கம் மாட்டாமல் முகாம் குழாயிலேயே மாட்டுங்கள், ஹோஸும் பிழைக்கும். படுக்கும்போதும் வெளியே போகும்போதும் வெளிக்குழாயை மூடுங்கள். குளிர்காலத்தில் ரெகுலேட்டரை வீட்டுக்குள் எடுத்து வைத்துவிடுங்கள். மனைவி கேள்வி கேட்டால் காதுகொடுத்துக் கேளுங்கள்.

ஜார்ஜியாவில் 15,000 டாலர் வரையிலான வழக்குகளை மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலேயே தொடுக்கலாம். யாராவது அப்படிப் போட்டிருந்தால் எனக்கு எழுதுங்கள். மெக்கானிக் கொடுத்த பில், படங்கள், அந்த ரெகுலேட்டர் எல்லாவற்றையும் ஒரு காலணிப் பெட்டியில் எடுத்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலை மனு வாங்கப் போகிறேன்.