ஸ்டிக்கரில் இருந்த எண்: பிஐஎஸ் கேர் செயலி பற்றி

கல்லூரியில் சேர்ந்த என் மகனுக்காக ஓர் இணைய அங்காடியில் 749 ரூபாய்க்குத் தலைக்கவசம் ஒன்று வாங்கினேன். அதன் பின்புறம் ஐஎஸ்ஐ முத்திரை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. முத்திரைக்கு மேலே ஐஎஸ் 4151 என்ற தர எண்ணும் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் முறைப்படியே அச்சாகியிருந்தன. ஆகவே ஸ்டிக்கரைப் பார்த்து எனக்கு எந்த ஐயமும் எழவில்லை. தாடைப் பட்டையின் பக்கிளை இரண்டு முறை இழுத்துப் பார்த்தபோது அது கையோடு வந்துவிட்ட பிறகுதான் எழுந்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியைக் கைப்பேசியில் இறக்கி அந்த உரிம எண்ணை உள்ளிட்டேன். அந்த எண் வேறொரு மாநிலத்தில் உள்ள, தலைக்கவசத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத மின்சாதனத் தொழிற்சாலை ஒன்றுக்கு வழங்கப்பட்டது என்றும், அந்த உரிமமும் காலாவதியாகிவிட்டது என்றும் திரை காட்டியது. அன்று தொடங்கி சில மாதங்களாக இந்தச் செயலியை வீட்டிலும் கடைகளிலும் பயன்படுத்தி வருகிறேன். அது எந்த இடம்வரை உதவும், எந்த இடத்தில் நின்றுவிடும் என்பதை எழுதுவதே இந்த மதிப்புரையின் நோக்கம்.

2020 ஜூலையில் வெளியிடப்பட்ட இந்தச் செயலி கட்டணமின்றிக் கிடைக்கிறது. இதில் முக்கியமானவை மூன்று சோதனைகள்: ஐஎஸ்ஐ முத்திரையின் உரிம எண், கைப்பேசி சார்ஜர் போன்ற மின்னணுப் பொருள்களில் ‘ஆர்’ என்ற எழுத்தோடு வரும் பதிவு எண், தங்க நகையில் எழுத்தும் எண்ணும் கலந்து பொறிக்கப்படும் ஆறு இடக் குறியீடான எச்யுஐடி. எண்ணை உள்ளிட்டால் உரிமம் பெற்றவரின் பெயர், முகவரி, எந்தப் பொருளுக்கான உரிமம், அது இன்னும் நடப்பில் உள்ளதா என்பன கிடைக்கின்றன. இவை தவிர, முத்திரையைத் தவறாகப் பயன்படுத்துவோர் மீது படத்தோடு புகார் பதியும் பகுதியும் உண்டு.

மூன்று சோதனைகளும் ஒரே திரையில் அடுத்தடுத்து இருப்பதால் மூன்றும் ஒரே வலிமை கொண்டவை என்று எண்ணத் தோன்றும். உண்மை அப்படியன்று. எச்யுஐடி ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகத் தரப்படுவது. 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையை இந்த எண் இல்லாமல் கடைகளில் விற்கக் கூடாது என்பது விதி. அதை உள்ளிட்டால் நகையின் வகை, தூய்மை, சோதித்த மையம் ஆகியவை வந்துவிடும். வளையல் என்று திரை சொல்லும் எண் நம் கையிலுள்ள மோதிரத்தில் இருந்தால் கேள்வி கேட்பதற்கு அதுவே போதும். ஐஎஸ்ஐ உரிம எண்ணோ தொழிற்சாலைக்குத் தரப்படுவது. அங்கே உருவாகும் லட்சக்கணக்கான தலைக்கவசங்களிலும் அதே எண்தான் இருக்கும். நேர்மையான ஒரு தயாரிப்பாளரின் எண்ணை ஒரு போலிக்காரர் அப்படியே படியெடுத்துத் தன் சரக்கில் ஒட்டிவிட்டால், செயலி அந்த நேர்மையானவரின் பெயரையும் ‘நடப்பில் உள்ளது’ என்ற செய்தியையும் காட்டி நம்மை அனுப்பிவைத்துவிடும். என் தலைக்கவசத்தைச் செய்தவர் சோம்பேறியாக இருந்ததால்தான் அகப்பட்டார். தலைக்கவசம் செய்யும் ஒருவரின் எண்ணைத் தேடிப்பிடித்திருந்தால் நான் ஏமாந்திருப்பேன். திரையில் வரும் நிறுவனத்தின் பெயரும் பொருளின் மேலுள்ள வணிகப் பெயரும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டியது வாங்குபவரின் வேலையாகவே விடப்பட்டிருக்கிறது. அவ்விரண்டும் வேறு வேறாக இருப்பது நம் சந்தையில் வழக்கம் என்பதால் அதுவும் எளிதன்று.

இருந்தும் காலாவதியான உரிமங்களைக் கண்டுபிடிப்பதில் இச்செயலி மிகவும் பயன்படுகிறது, அந்த வகை மோசடி சிறியதும் அன்று. தரச் சான்று இல்லாத இருசக்கர வாகனத் தலைக்கவசங்களை விற்பது 2021 ஜூன் 1 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆயினும் 2025-இல் தில்லியில் நடந்த சோதனைகளில், உரிமம் காலாவதியான அல்லது ரத்தான ஒன்பது தயாரிப்பாளர்களிடமிருந்து 2,500-க்கும் மேற்பட்ட தலைக்கவசங்கள் பறிமுதல் செய்யப்பட்டதாக ஒன்றிய நுகர்வோர் நலத் துறை அறிவித்தது. அந்த ஆண்டு ஜூன் நிலவரப்படி நாடு முழுவதும் நடப்பில் உள்ள உரிமம் வைத்திருந்த தலைக்கவசத் தயாரிப்பாளர்கள் 176 பேர் மட்டுமே என்பதும் அதே அறிவிப்பில் இருந்தது. சாலையோரக் கடையில் அடுக்கிவைத்திருக்கும் வணிகப் பெயர்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தவர்களுக்கு இந்த எண்ணிக்கை எவ்வளவு சிறியது என்பது விளங்கும்.

செயலியில் புகாரைப் பதிந்ததும் அதற்கான எண் வந்தது. பணத்தைத் திரும்பப் பெறுவதற்குத் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்தேன். தமிழிலேயே பேச முடிந்தது. உதவி மையத்துக்குத் தீர்ப்பளிக்கும் அதிகாரம் இல்லை. புகாரை நிறுவனத்துக்கு அனுப்பி, பதிலைப் பெற்று, நமக்குச் சொல்வதே அதன் வரம்பு. அந்த வரம்புக்குள்ளேயே எனக்கு வேலை முடிந்தது: முதலில் ‘திருப்பியனுப்பும் காலம் கடந்துவிட்டது’ என்று மறுத்த அங்காடி, உதவி எண் வழியாகப் போனபின் ஒன்பதாவது நாளில் முழுத் தொகையையும் தந்துவிட்டது. முடியாமல் போயிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் சென்றிருக்கலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் பதியலாம், 5 லட்சம் ரூபாய்வரை கட்டணமும் இல்லை.

பணம் வந்தது, விற்பனை நிற்கவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது அந்தப் பக்கம் நீக்கப்பட்டிருந்தது, ஆனால் அதே படங்களோடு அதே தலைக்கவசம் வேறொரு விற்பனையாளர் பெயரில், 50 ரூபாய் குறைவாக, அதே அங்காடியில் இருந்தது. இதற்கான காரணத்தைத் தேடி 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளைப் படித்தேன். புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும், விற்பனையாளரின் பெயரும் முகவரியும் தெரியும்படி இருக்க வேண்டும் என்றெல்லாம் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். பதிப்புரிமை, வணிகக்குறி, தகவல் தொழில்நுட்பச் சட்டங்களின்படி நீக்கப்பட்ட பொருள்களை மீண்டும் மீண்டும் விற்பவர்களின் விவரங்களை அங்காடிகள் பதிவில் வைத்திருக்க இயன்றவரை முயல வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. ஆனால் அதே விதியின் நிபந்தனை வாசகம், அத்தகைய விற்பனையாளரை வெளியேற்றியே ஆக வேண்டும் என்பதில்லை, விரும்பினால் செய்யலாம் என்கிறது. அந்தப் பட்டியலில் தர நிர்ணய அமைவனச் சட்டத்தின் பெயரே இல்லை என்பதையும் கவனித்தேன். பேரேடு எழுதச் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறார்கள்.

ஆகவே இந்தச் செயலியில் நாம் பதியும் புகாரின் பலன், அதன் பின்னால் நிற்கும் அதிகாரிகள் எங்கே போய்ச் சோதிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அந்த வகையில் அண்மைய ஆண்டுகளின் திசை எனக்கு நம்பிக்கை தருகிறது. 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், கட்டாயத் தரத்துக்கு இணங்காத பிரஷர் குக்கர்கள் விற்கப்பட்டதற்காக அமேசானுக்கும் பிளிப்கார்ட்டுக்கும் தலா 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. தொகையை விட முக்கியமானது ஆணையின் மற்றொரு பகுதி: அமேசான் வழியாக விற்ற 2,265 குக்கர்களையும் வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லி, திரும்பப் பெற்று, விலையைக் கொடுக்க வேண்டும் என்றது. அந்த விற்பனைக்குக் கட்டணமாக 6 லட்சம் ரூபாய்க்கு மேல் ஈட்டிய நிறுவனம், தவறு என்று வரும்போது பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ள முடியாது என்பதும் அந்த ஆணையின் வாதம். அடுத்து 2025 மார்ச்சில் அமைவனத்தின் சென்னைக் கிளை அதிகாரிகள் திருவள்ளூர் மாவட்டத்துக் கிடங்குகளுக்கே சென்று, அமேசானின் கிடங்கு ஒன்றில் மட்டும் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத 3,376 பொருள்களைக் கைப்பற்றினார்கள். குடிநீர்ப் புட்டிகளும் மின்விசிறிகளும் பொம்மைகளும் அவற்றில் இருந்தன. நான் வீட்டில் அமர்ந்து ஓர் எண்ணைச் சோதிக்கும் நேரத்தில் கிடங்கில் ஓர் அலமாரியையே சோதித்துவிட முடியும். ஆனாலும் முத்திரையே இல்லாத பொருள் அங்கே எளிதில் சிக்கும். முத்திரையைப் படியெடுத்து ஒட்டிய பொருளைக் கிடங்கிலும் பிரித்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சிறு செய்தி ஒன்று: இணையத்தில் நுகர்வோர் எழுதும் மதிப்புரைகளுக்கும் அமைவனம் 2022-இல் ஐஎஸ் 19000 என்ற தரத்தை வெளியிட்டிருக்கிறது. அது கட்டாயமன்று. என் தலைக்கவசத்தின் கீழே நானூறுக்கும் மேற்பட்ட ஐந்து நட்சத்திர மதிப்புரைகள் இருந்தன. பக்கிளைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

செயலியில் ஒரே ஒரு மாற்றம் கேட்கலாம் என்றால், உரிம எண்ணோடு அந்த உரிமத்தின் கீழ் விற்கப்படும் வணிகப் பெயர்களின் பட்டியலையும் பொருளின் படத்தையும் தேடல் முடிவின் முதல் வரியிலேயே காட்டுங்கள் என்பேன். உரிம எண்ணை இணைய அங்காடியின் விற்பனைப் பக்கத்திலேயே கட்டாயம் அச்சிட வைத்தால் இன்னும் நல்லது. பெட்டியைப் பிரித்த பிறகே எண் தெரியவருகிறது என்ற நிலையில், பணம் கட்டிய பின்னரே சோதிக்க முடிகிறது. மாற்றுத் தலைக்கவசத்தை நேரில் கடைக்குப் போய், எண்ணை அங்கேயே உள்ளிட்டுப் பார்த்து வாங்கினேன். எடையையும் தெரிந்துகொள்ள விரும்பியதால் கடைக்காரரின் தராசில் வைக்கச் சொன்னேன்; அவர் சற்று முகம் சுளித்தாலும் வைத்தார்.

எச்யுஐடி சோதனைக்கு ஐந்துக்கு நான்கு தருவேன். ஐஎஸ்ஐ உரிமச் சோதனைக்கு இரண்டரை. ஆர் எண் பகுதியை இரண்டு சார்ஜர்களுக்கு மட்டுமே பயன்படுத்தியிருப்பதால் இப்போதைக்கு மதிப்பெண் இல்லை. பழைய தலைக்கவசம் ஸ்டிக்கரோடு பரணில் இருக்கிறது. புகார் முடியும்வரை அதை எறியப் போவதில்லை.