காற்றடிக்கும் கயாக்: படகு சரி, ஜாக்கெட் சரியில்லை

தை மாதம், சேரன்மகாதேவி பக்கம் மாமனார் ஊர்க் குளம் நிரம்பிக் கிடந்தது. ஆன்லைனில் வாங்கிய கயாக்கை (துடுப்புப் போட்டு ஓட்டும் சின்னப் படகு) கால் பம்பால் மிதித்து ஊத 20 நிமிடம். "மாப்ள, புள்ளைய பலூன்லயா ஏத்திட்டுப் போறிய?" என்றார் கரையில் ஒரு தாத்தா.

படகு நன்றாகவே மிதக்கிறது. அடியில் மீன் துடுப்பு மாதிரி இருக்கும் சின்னத் தகட்டை (ஃபின்) மாட்ட மறந்தால் மட்டும் நேரே போகாது, சுற்றும்.

படகோடு சேர்ந்து வந்த, குழந்தைகளுக்கான லைஃப் ஜாக்கெட்தான் மோசம். ஏற்றுவதற்கு முன் மகளை இடுப்பளவு தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்த்தேன். ஜாக்கெட் காது வரை ஏறுகிறது, ஆள் கீழே நழுவுகிறாள். கால்களுக்கு இடையே மாட்டும் வார் அதில் இல்லை. அன்று அழுகையோடு வீடு திரும்பினோம். அடுத்த வாரம் வார் வைத்த ஜாக்கெட் தனியாக வாங்கிப் போட்டுத்தான் ஏற்றினேன். அல்லி இலையைத் தொட்டுத் தொட்டு, இறங்கவே மாட்டேன் என்றாள்.