ஜெட்வர்ட்: ‘லிப்ஸ்டிக்’கா, ‘வாட்டர்லைன்’னா?

டப்ளின் இரட்டையர் பாப் ஜோடி ஜெட்வர்ட் என்றாலே யூரோவிஷன் (ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டி) ரசிகர்கள் இரண்டு கட்சி. அயர்லாந்துக்காக அங்கே இவர்கள் பாடியவை ‘லிப்ஸ்டிக்’, ‘வாட்டர்லைன்’ என்ற இரண்டு பாட்டுகள். பிடிக்காதவருக்கு எதைப் போட்டுக் காட்டுவது?

முடிவு: ‘லிப்ஸ்டிக்’, 2011 டுசல்டார்ஃபில் 119 புள்ளி, 8ஆம் இடம். ‘வாட்டர்லைன்’, 2012 பாகுவில் 46 புள்ளி, 19ஆம் இடம்.

மேடை: முன்னதில் மினுங்கும் சிவப்பு ஜாக்கெட், தூக்கிய தோள்பட்டை, நட்டுக்கொண்டு நிற்கும் முடி. பின்னதில் வெள்ளிக் கவச உடை, நடுவே நீரூற்று. கடைசியில் இருவரும் தொப்பல்.

குரல்: யூரோவிஷனில் முதன்மைக் குரல் நேரலைதான். குதித்துக்கொண்டே பாடினால் மூச்சு வாங்கும், நீண்ட வரிகளில் சுருதி நழுவும். ‘லிப்ஸ்டிக்’ வரிகள் குட்டையானவை. மூச்சு விட இடம் இருக்கிறது, பின்னணிக் குரல்களும் தாங்குகின்றன. ‘வாட்டர்லைன்’ மெட்டு இழுவையானது, ஒளிய இடமில்லை.

குரல் சுத்தம்தான் வேண்டுமென்றால் இரண்டுமே வேண்டாம். சந்தேகப் பேர்வழிக்கு 2011. ஏற்கெனவே சிரித்துவிட்டவருக்கு அந்த நீரூற்று.