ஏற்காட்டில் ட்ரவுட், பாஸ் மீன் பிடிக்கிற தூண்டில் முகாம் என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள்: 14,800 ரூபாய் போச்சு

14,800 ரூபாய். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படிக்கிற யாராவது இந்த நிமிடம் அதே விளம்பரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பணம் கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கலாம். நிறுத்துங்கள். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள். எதையெதைப் பார்த்துப் பணம் கட்ட வேண்டும் என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

செயலியின் பெயரைப் போடவில்லை. வார இறுதிக்கு மலையேற்றம், கூடாரம், காபித் தோட்டத்தில் நடை என்று விற்கிற செயலிகளில் ஒன்று. அதில் ஏற்காட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட் தங்குமிடம் விளம்பரம் போட்டிருந்தது: 'வசந்த காலத் தூண்டில் முகாம். ரெயின்போ ட்ரவுட், லார்ஜ்மவுத் பாஸ்.' இரண்டு பேருக்கு ஒரு ராத்திரி தங்கல், சாப்பாடு, தூண்டில், ரீல், இரை, கூடவே ஒரு வழிகாட்டி. எல்லாம் சேர்த்து 14,800.

தூண்டில் எனக்குப் புதுசு இல்லை. சேலத்துக்காரன், மேட்டூர்த் தண்ணீரில் பழகியவன். ஜிலேபி, கெண்டை, கெளுத்தி, அதிர்ஷ்டம் இருந்தால் விரால். ட்ரவுட் இந்தப் பக்கத்துத் தண்ணீரில் நிற்காது என்பதும் தெரியும். தமிழ்நாட்டில் ட்ரவுட் என்றால் நீலகிரிதான். அவலாஞ்சியில் 1907-லேயே குஞ்சு பொரிப்பகம் வைத்து வெள்ளைக்காரர்கள் வளர்த்த மீன் அது. அந்த இடம் 2,000 மீட்டருக்கு மேல். ஏற்காடு 1,500 சொச்சம். நமக்கு அந்த ஐந்நூறு மீட்டர் ஒரு ஸ்வெட்டர் வித்தியாசம்; ட்ரவுட்டுக்கு உயிர்ப் பிரச்சினை. தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினால் இரையெடுக்காமல் சோர்ந்துவிடும், 25-ஐத் தொட்டால் பிழைப்பதே கஷ்டம். பாஸ் கதை வேறு. சூடு தாங்கும், ஆனால் அது வட அமெரிக்காவின் மீன்.

அதனால்தான் பணம் கட்டுவதற்கு முன்பு போன் போட்டுக் கேட்டேன். நினைக்க நினைக்க வயிறு எரிவது இந்த இடத்தில்தான். எடுத்தவர் தடுமாறவே இல்லை. "நல்ல கேள்வி சார், விஷயம் தெரிஞ்சவங்கதான் இதைக் கேப்பாங்க" என்றார். ஊற்றுத் தண்ணீராம். அதையும் சில்லர் வைத்துக் குளிர வைக்கிறார்களாம். குஞ்சுகள் நீலகிரியிலிருந்து ஆக்ஸிஜன் நிரப்பிய பையில் வந்தனவாம். பாஸுக்குத் தனிக் குட்டையாம். கேட்பதற்கு முன்பே பதில் வந்தது.

அப்புறம் ஒரு வீடியோ அனுப்பினார். முதலில் சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடி, கீழே காபிச் செடி, நடுவே பச்சையாக ஒரு நீர்ப்பரப்பு. ஏற்காடுதான், சந்தேகமே வேண்டாம். அடுத்த காட்சியில் ஒரு கையில் மீன். பக்கவாட்டில் ரோஜா நிறப் பட்டை, முதுகெல்லாம் கருப்புப் புள்ளி. அதுவும் அசல் ரெயின்போ ட்ரவுட்தான். இரண்டுமே உண்மை. இரண்டையும் ஒட்டியதுதான் பொய்.

"தண்ணி இப்ப எத்தனை டிகிரி இருக்கும்?" என்றேன். "52 சார்." என்னது என்று கேட்டதும் சிரித்தார். "ஃபாரன்ஹீட் சார். நம்ம கெஸ்ட்டுங்க நிறையப் பேர் ஃபாரின்காரங்க." 52 ஃபாரன்ஹீட் என்றால் 11 செல்சியஸ், ட்ரவுட்டுக்கு அச்சான குளிர். செயலியில் கட்டினால் வரி சேரும், நேரடியாக அனுப்பினால் அதே விலை என்றார். 14,800 ரூபாயை யூபிஐயில் அனுப்பினேன்.

இவ்வளவும் அக்கா மகனுக்காக. கொலராடோவில் வேலை, விடுமுறைக்கு வந்திருந்தான், அங்கே வசந்தம் வந்தால் ஏரியும் தூண்டிலுமாகத் திரிகிறவன். மலை ஏறும்போது, கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே, தங்குமிடத்திலிருந்து வந்த 'இந்த வார நிலவரம்' செய்தியை வாசித்துக் காட்டினேன். கரையோரப் பனிக்கட்டி விலகிவிட்டது, ட்ரவுட் காலையில் மேல்மட்டத்தில் கிடைக்கும், பாஸ் மதியத்துக்கு மேல் வெயில் படும் ஆழமில்லாத ஓரங்களுக்கு வரும், மூழ்கிய மரங்களின் பக்கத்தில் இரையை மெதுவாக இழுக்கவும். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிக்க ஆரம்பித்தான்.

"மாமா, ஏற்காட்டுல ஏது பனிக்கட்டி? இது எங்க ஊர்ப் பக்கத்து ஏரி நிலவரம். அப்படியே எடுத்துப் போட்டிருக்காங்க."

அவன் சொன்ன பிறகுதான் புரிந்தது, அந்தச் செய்தியில் ஒரு வரிகூடத் தப்பில்லை, ஊர்தான் தப்பு. அங்கே குளிர்காலத்தில் ஏரி மேலே உறைந்து கிடக்கும். பனிக்கட்டி விலகியதும் மேல்தண்ணீர் 4 டிகிரியை நெருங்கும்போது கனமாகிக் கீழே இறங்கும். காற்றும் சேர்ந்துகொண்டு ஏரியையே புரட்டிப் போடும். மேலிருந்து அடிவரை ஒரே குளிர், ஆக்ஸிஜனும் எங்கும் பரவியிருக்கும். அந்தச் சில வாரங்கள் ட்ரவுட் ஆழத்தில் ஒளிய வேண்டியதில்லை, கரைக்குப் பக்கத்திலேயே மேய வரும். வெயில் ஏறி மேல்தண்ணீர் சூடானால் மறுபடி கீழே போய்விடும். பாஸ் இதற்கு நேர் எதிர். குளிரில் மந்தமாகக் கிடந்து, தண்ணீர் 10, 12 டிகிரியைத் தாண்டும்போது ஓரத்துக்கு நகரும். 16-லிருந்து 20-க்குள் சரளைத் தரையில் பள்ளம் பறித்து முட்டையிடும். ட்ரவுட்டுக்குக் காலை, பாஸுக்கு மதியம் என்பது அதனால்தான். மார்ச்சில் காபி பூக்கிற ஊருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சரி, பணம் கட்டியாகிவிட்டது, ரத்து செய்யும் அவகாசமும் முடிந்துவிட்டது, போய்ப் பார்ப்போம் என்று போனோம்.

கருப்பு பிளாஸ்டிக் ஷீட் விரித்த பண்ணைக்குட்டை. ஷீட்டின் ஓரம் கிழிந்து, அதன் மேல் செங்கல் அடுக்கியிருந்தார்கள். 'சில்லர்' என்பது ஒரு மோட்டாரும் நீல நிற பிவிசி குழாயும். போர் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா மகன் பையிலிருந்து நூல் கட்டிய சின்ன வெப்பமானியை எடுத்து இறக்கினான். இருந்து பார்த்து எடுத்தால் 25. செல்சியஸில். பாஸ் குட்டை 'பராமரிப்பில்' இருக்கிறதாம். அதில் தண்ணீரே இல்லை, காய்ந்த பாசிதான் சுருண்டு கிடந்தது.

தூண்டில் கம்பின் நுனி வளையம் துருப்பிடித்து, தூண்டில் நரம்பைச் சீவிக்கொண்டிருந்தது. இரை கேட்டால் ஒரு கிண்ணத்தில் மைதா உருண்டை. ட்ரவுட்டுக்கு மைதா உருண்டை! வழிகாட்டியாக நின்ற பையன் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுகிறவன். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கண்ணா, தொப்பி போட்டுட்டு நிக்கச் சொன்னாங்க" என்று மெல்லச் சொன்னான். அந்தப் பையன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அந்த இடத்தில் உண்மை பேசிய ஒரே ஆள் அவன்தான்.

மைதா உருண்டைக்கு மீன் மாட்டத்தான் செய்தது. தூக்கிப் பார்த்தால் உள்ளங்கை அகல ஜிலேபி. "மாமா, இது மேட்டூர்ல மசாலா தடவிப் பொரிச்சுக் குடுப்பாங்களே, அதுதானே?" என்றான். அதேதான். மேட்டூர் அணைக்குப் போயிருந்தால் பஸ் செலவோடு வயிறும் நிறைந்திருக்கும்.

மேலாளரைக் கேட்டேன். "ட்ரவுட் கூச்ச சுபாவம் சார். ஆள் சத்தம் கேட்டா ஆழத்துக்குப் போயிரும்." இடுப்பளவுத் தண்ணீரில் எந்த ஆழத்துக்குப் போகும்? "போன வாரம் வந்தவங்க புடிச்சாங்களே சார்." போட்டோ காட்டுங்கள் என்றால் போனில் சார்ஜ் இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றதும் குரல் மாறியது: "மீன் கிடைக்கறது இயற்கை கையில சார், விதிமுறையிலயே போட்டிருக்கோம்." கிடைப்பது இயற்கை கையில், சரி. குளத்தில் விடுவது யார் கையில்? இதற்கு மேல் கிளம்பும்போது நாங்கள் பிடித்த ஜிலேபியை எடை போட்டு அதற்கு வேறு தனி பில். ராத்திரி அதைத்தான் எங்களுக்குப் பொரித்துப் போட்டிருந்தார்கள்.

செயலிக்காரர்கள் இன்னும் மோசம். சாட்டில் எழுதினால் 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று வந்து உரையாடல் தானாக மூடிக்கொள்கிறது. மறுபடி திறந்தால் வேறொருவர், முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். ஒருவர் மீன் இல்லாத குளத்தின் படம் கேட்டார். மீன் இல்லாததை எப்படிப் படம் எடுப்பது? வெப்பமானி படத்தையும் காய்ந்த குட்டையின் படத்தையும் அனுப்பினேன். 'நீங்கள் தங்கியிருக்கிறீர்கள், எனவே சேவை வழங்கப்பட்டுவிட்டது' என்று பதில். அப்புறம், பணம் செயலி வழியாக வராததால் தங்களுக்குப் பொறுப்பில்லையாம். அந்த ஆளைத் தங்கள் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டவர்' என்று பச்சை டிக் போட்டு வைத்திருப்பது யார்? நான் இழந்தது 14,800. கொடுக்க முன்வந்தது 500 ரூபாய் கூப்பன், அதுவும் அடுத்த பயணத்துக்கு. எஸ்டேட்காரர் போனை எடுத்தால் "டிரைவிங்ல இருக்கேன் சார்". காலையில் கூப்பிட்டாலும் டிரைவிங், ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் டிரைவிங்.

விரிவாக எழுதுகிறேன் என்று சொன்னேன், எழுதுகிற நிலையில் இல்லை. அவசரத்துக்கு இவை. செயலியில் பார்த்ததற்கு வெளியில் பணம் அனுப்பாதீர்கள். ஏற்காடு, கொல்லிமலை எங்கே ட்ரவுட் என்றாலும், இன்றைய தேதியோடு, வெப்பமானி தண்ணீரில் இருக்கிற மாதிரி, வெட்டில்லாத வீடியோ கேளுங்கள். ட்ரவுட் பார்த்தே ஆக வேண்டுமென்றால் நீலகிரிக்குப் போய், மீன்வளத் துறையிடமே நேரில் அனுமதி கேளுங்கள். ஏமாந்தவர்கள் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். அங்கே தீரவில்லை என்றால் குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. நான் 1915-இல் பதிந்துவிட்டேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை முகாமுக்கும் ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஏற்கெனவே கட்டியவர்கள் இருந்தால், 48 மணி நேரத்துக்கு முன்பு ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும் என்று அவர்கள் விதியிலேயே இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் செய்துவிடுங்கள், ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.